எந்தப் புழு? காட்டு விலங்குகள், கால்நடைகளின் ஒட்டுண்ணிப் புழுக்களும் அவற்றின் வகைப்பாடும்

1855-இல் தாமஸ் ஸ்பென்சர் கொபோல்டு என்ற ஆங்கிலேய ஆய்வாளர், இறந்துபோன ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் ஈரலிலிருந்து எடுத்த நீண்ட தட்டைப்புழுவுக்கு ‘ஃபேசியோலா ஜைகாண்டிகா’ என்று பெயரிட்டார். 1877-இல் ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் மடிந்த வங்கப் புலிகளின் நுரையீரலில் காபிக்கொட்டை அளவுப் புழுக்கள் கிடைத்தன. மறு ஆண்டு கெர்பெர்ட் அவற்றை விவரித்து, ஆம்ஸ்டர்டாம் காட்சிசாலையின் இயக்குநரான வெஸ்டர்மனின் பெயரைச் சூட்டினார். 1911-இல் ஆர்தர் லூஸ், இலங்கைப் புனுகுப்பூனையின் குடலில் இருந்த கொக்கிப்புழு ஒன்றை ‘அங்கைலோஸ்டோமா சிலானிகம்’ எனப் பதிவுசெய்தார்.

மூன்று புழுக்களும் அறிவியலுக்குள் நுழைந்தது காட்டு விலங்கின் உடல் வழியாக. ஆனால் அவற்றின் வேலை காட்டோடு நிற்கவில்லை. முதலாவது, ஏரிக்கரையில் மேயும் நம் எருமைகளின் ஈரலைக் கெடுக்கும் புழு. இரண்டாவது, ஆற்று நண்டைச் சரியாக வேகவைக்காமல் உண்பவர்களுக்குச் சளியில் ரத்தம் வரச் செய்து, காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் தவறான மருந்தை விழுங்க வைப்பது. மூன்றாவது, தெருநாயின் குடலிலும் மனிதரின் குடலிலும் ஒரே போல வாழ்வது. காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என்ற பிரிவு நம்முடையது. புழுவுக்கு அந்தப் பிரிவு கிடையாது. அதற்கு வேண்டியது தகுந்த உடலும், அந்த உடலுக்குப் போய்ச் சேர ஒரு வழியும்தான். இந்த வழியைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கத்தான் புழுக்களின் வகைப்பாடு திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. கால்நடை வளர்ப்பவருக்கும் வனத்தைக் காப்பவருக்கும் இந்த மாற்றங்கள் நேரடியாகப் பயன்படக்கூடியவை. அவை அவர்களைப் போதுமான அளவு எட்டவில்லை என்பதே என் கவலை.

லின்னேயஸ் 1758-இல் உயிரினங்களை வரிசைப்படுத்தியபோது, முதுகெலும்பும் இல்லாத, பூச்சி இனமும் அல்லாத எல்லாவற்றையும் ‘வெர்மஸ்’, அதாவது புழுக்கள் என்ற ஒரே வகுப்பில் போட்டார். மண்புழு, அட்டை, நத்தை, பவளம், ஆட்டின் ஈரல் புழு எல்லாம் அங்கே ஒன்றாக இருந்தன. குடற்புழுக்களுக்கென்று தனி ஒழுங்கு கொண்டுவந்தவர் கார்ல் அஸ்முண்ட் ருடால்ஃபி. 1808 முதல் 1810 வரை வெளிவந்த அவருடைய பெருநூல் அவற்றை ஐந்து கூட்டங்களாகப் பிரித்தது: உருளைப்புழுக்கள், முள்தலைப் புழுக்கள், உறிஞ்சிகளுள்ள தட்டைப்புழுக்கள், நாடாப்புழுக்கள், பிறகு நீர்ப்பைப் புழுக்கள். முதல் நான்கும் ஏதோ ஒரு வடிவில் இன்றுவரை நிற்கின்றன. ஐந்தாவது நிற்கவில்லை. அது கலைந்த கதைதான் இந்தத் துறையின் முதல் பெரிய பாடம்.

ஆட்டை அறுக்கும்போது ஈரலின் மேலோ குடல் சவ்விலோ கண்ணாடி போல நீர் நிறைந்த பைகள் தொங்குவதைக் கசாப்புக் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முயலின் வயிற்றிலும் பன்றியின் தசையிலும் செம்மறியின் மூளையிலும் இதே போன்ற பைகள் உண்டு. ருடால்ஃபிக்கு இவை தனி உயிரினங்கள். இனப்பெருக்க உறுப்பே இல்லாத இவை எப்படிப் பெருகுகின்றன என்ற கேள்விக்கு, ஓம்புயிரியின், அதாவது புழு குடியிருக்கும் விலங்கின், உடலிலேயே தானாகத் தோன்றுகின்றன என்பது அக்கால விடை. 1850-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரிட்ரிக் குய்ஹென்மைஸ்டர் என்ற மருத்துவர், முயலின் நீர்ப்பைகளை நாய்க்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்திருந்தது. அதே காலத்தில் ஃபான் சீபோல்டு ஆட்டின் ஈரல் நீர்க்கட்டிகளை நாய்களுக்குக் கொடுத்து, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழுக்களைப் பெற்றார். 1855-இல் குய்ஹென்மைஸ்டர் மரண தண்டனைக் கைதி ஒருவருக்கே பன்றியின் நீர்ப்பைகளை உணவில் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பின் குடலைத் திறந்து பார்த்தார். இன்று எந்த நெறிக்குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் நீர்ப்பைப் புழு என்று தனிக் கூட்டமே இல்லை, அது நாடாப்புழுவின் இளம்பருவம்தான் என்பது அதோடு உறுதியானது.

இதன் விளைவை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஆட்டுக்கு ஒரு நோய், நாய்க்கு வேறொரு நோய். அதற்குப் பிறகு இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள். ஆட்டிறைச்சிக் கழிவை நாய்க்கு எறியாமல் இருப்பது ஆட்டுக்கு வைத்தியம் என்பது, வகைப்பாட்டில் நடந்த ஒரு திருத்தத்திலிருந்து பிறந்த அறிவு. எக்கைனோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற அந்தச் சின்ன நாடாப்புழுவின் நீர்க்கட்டி மாட்டிலும் ஆட்டிலும் மனிதரிலும் ஈரலையும் நுரையீரலையும் நெருக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வளரக்கூடியது. அண்மை ஆண்டுகளில் மரபணு ஆய்வுகள் இந்த ஒற்றைச் சிற்றினத்தையும் உடைத்துவிட்டன. செம்மறியோடு ஒட்டியது ஒன்று, குதிரையோடு ஒன்று, மாட்டோடு ஒன்று, ஆப்பிரிக்கச் சிங்கத்தோடு இன்னொன்று என்று அது பல சிற்றினங்களாகப் பிரிந்து நிற்கிறது. மனிதருக்கு அதிகம் தொற்றுவது செம்மறியோடு ஒட்டிய வடிவம். ஒரு வட்டாரத்தில் எந்த வடிவம் சுழல்கிறது என்று தெரியாமல் தடுப்புத் திட்டம் தீட்டினால் பாதி முயற்சி வீணாகும்.

நாடாப்புழுக்களில் இன்னொரு முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மாட்டிறைச்சி வழியாகவும் பன்றியிறைச்சி வழியாகவும் மனிதருக்கு வரும் டீனியா புழுக்களை, கால்நடை வளர்க்கத் தொடங்கியபோது அவற்றிடமிருந்து நாம் பெற்றோம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2001-இல் எரிக் ஹோபர்க் குழுவினர் இப்புழுக்களின் உறவுமுறையை ஆராய்ந்து நேர்மாறான முடிவுக்கு வந்தனர். ஆப்பிரிக்கச் சமவெளியில் சிங்கம், கழுதைப்புலி போன்றவற்றின் இரையை நம் முன்னோரும் தின்றபோதே இப்புழுக்கள் மனிதக் குடலுக்கு வந்துவிட்டன. மாடும் பன்றியும் தொழுவத்துக்கு வந்தது அதற்கு எத்தனையோ காலம் பின்னால். ஆக, அவற்றுக்குப் புழுவைக் கொடுத்தவர்கள் நாமே.

தட்டைப்புழுக்களில் நம் ஊருக்கு மிக நெருக்கமானவை நத்தை வழியாக வருபவை. 1879-80-இல் இங்கிலாந்தில் தொடர்மழைக்குப் பின் லட்சக்கணக்கான செம்மறிகள் ஈரல் புழுவால் இறந்தன. அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸும் ஜெர்மனியில் லாய்க்கார்ட்டும் தனித்தனியே இதன் வாழ்க்கைச் சுற்றைத் துலக்கினர். 1883-க்குள் படம் தெளிவாகிவிட்டது. சாணத்தோடு முட்டை நீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் நுண்ணிய நீந்துபுழு நத்தைக்குள் புகுந்து, பருவம் பருவமாக மாறி, ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வருகிறது. நீரோரப் புல்லில் ஒட்டி உறையிட்டுக்கொள்கிறது. புல்லோடு வயிற்றுக்குள் போனதும் குடற்சுவரைத் துளைத்து, ஈரலைக் குடைந்து, பித்தக் குழாயில் குடியேறுகிறது. ஐரோப்பாவில் இது ஃபேசியோலா ஹெபாட்டிகா; நம் சமவெளிகளில் பெரும்பாலும் ஒட்டகச்சிவிங்கியில் பெயர்பெற்ற ஜைகாண்டிகா. ஆசியாவில் இரண்டும் சந்திக்கும் இடங்களில் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் வாழ்கின்றன. விந்தணு சரியாக உருவாகாமலே, கருவுறாத முட்டைகளால் பெருகும் கலப்பினங்கள் அவை. நூலில் இருக்கும் இரண்டு பெயர்களில் எதிலும் அடங்காத புழு எருமையின் ஈரலில் நலமாக இருக்கிறது.

ஏரி, கண்மாய், வாய்க்கால் ஓரங்களில் கிடக்கும் இண்டோபிளானார்பிஸ் என்ற சுருள் நத்தை தனியாகவே ஒரு கட்டுரைக்குரியது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் செந்நிறக் காய்கள் போல ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டை உறிஞ்சிப் புழுக்கள் சில இதன் வழியாக வருகின்றன. அவற்றில் வளர்ந்தவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. குட்டிப் பருவத்தில் சிறுகுடலைக் கடித்துக்கொண்டு கூட்டமாக இருக்கும்போதுதான் நாற்றமடிக்கும் கழிச்சலில் ஆடுமாடுகளைச் சாய்க்கின்றன. ரத்தக் குழாயில் வாழும், ஆண் வேறு பெண் வேறாக உள்ள ஷிஸ்டோசோமா புழுக்களும் இதே நத்தையிலிருந்துதான் வருகின்றன. மற்ற தட்டைப்புழுக்கள் வாய் வழியே போக, இவை மாடு தண்ணீரில் நிற்கும்போது தோலைத் துளைத்தே நுழைந்துவிடும். மூக்கின் ரத்தநாளங்களில் குடியேறி, மாட்டுக்கு மூச்சடைப்பும் குறட்டையும் உண்டாக்கும் ஷிஸ்டோசோமா நாசேல் என்ற சிற்றினத்தை 1933-இல் விவரித்தவர் சென்னையைச் சேர்ந்த எம். அனந்த நாராயண ராவ். வளைந்த பூமராங் வடிவ முட்டை அதன் அடையாளம். அந்த மாட்டின் மூக்கைத் திறந்து பார்த்தால் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்திருக்கும். அதே குளத்தில் இறங்கும் எருமைக்கும் தொற்று உண்டு, ஆனால் குறட்டை பெரும்பாலும் வராது. குறட்டை விடாத எருமை அந்தக் குளத்துக்குத் தொடர்ந்து முட்டை கொடுத்துக்கொண்டே இருக்கும். குறட்டை விடும் மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து நோயை ஒழிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் தட்டைப்புழுவை முடிக்க மனம் வரவில்லை. ஆசிய யானையின் ஈரலில் வாழும் புழு ஒன்றை கொபோல்டு 1869-இல் விவரித்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது மாட்டின் ஈரல் புழுவோடு ஒரே பேரினத்தில், ஃபேசியோலா ஜாக்சோனி என்ற பெயரில் இருந்தது. மரபணுவை ஒப்பிட்டபோது அதன் நெருங்கிய உறவு மாட்டுப் புழு அல்ல என்று தெரிந்தது. வட அமெரிக்க மான்களின் பெரிய ஈரல் புழுவான ஃபேசியோலாய்டஸ் மாக்னாவே அதற்குச் சொந்தம். அந்த அமெரிக்கப் புழுவை முதலில் விவரித்ததும் அமெரிக்காவில் அல்ல. இத்தாலியின் துரின் நகருக்கருகே அரச வேட்டைக் காட்டுக்கு அமெரிக்க மான்களைக் கொண்டுவந்தபோது கூடவே வந்து, அங்கிருந்த மான்களைக் கொன்ற புழுவை 1875-இல் பஸ்ஸி விவரித்தார். இன்று இலங்கையின் ஆய்வாளர்கள் யானைப் புழுவை ஃபேசியோலாய்டஸ் ஜாக்சோனி என்றே எழுதுகிறார்கள். இலங்கையில் காட்டு யானைகளின் சாவோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் புழு அது. மாட்டு ஈரல் புழுவுக்கு எழுதிய மருந்தளவையும் நத்தைத் தடுப்பையும் அப்படியே யானைக்குப் பொருத்துவது சரியா என்று இந்தப் பெயர் மாற்றம் கேட்க வைக்கிறது. பெயர் மாற்றத்தை வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

முள்தலைப் புழுக்களை விரைவாகக் கடக்கலாம். பன்றியின் குடற்சுவரில் முள்முனையை ஏற்றி நிற்கும் பெரும்புழு, வண்டின் இளம்புழுவைப் பன்றி கிளறித் தின்பதால் வருவது. தனித் தொகுதியாக வைக்கப்பட்ட இந்தக் கூட்டம், குளத்து நீரில் சுழலும் நுண்ணுயிர்களான சக்கர உயிரிகளின் உறவு என்று 1990-களின் மரபணு ஆய்வுகள் காட்டின. இன்னொன்று, நாயின் மூக்கறையில் வாழும் நாக்குப் புழு. அதன் இளம்பருவம் ஆட்டின் நிணநீர்க் கட்டிகளில் இருக்கும். புழு என்றே எல்லா நூலிலும் வந்த அது உண்மையில் புழுவே இல்லை. இறால், நண்டு வரிசையைச் சேர்ந்த, மீன் பேனின் உறவான கணுக்காலி. உருவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

உருளைப்புழுக்களுக்கு வருவோம். ஆட்டுக்காரருக்கு இழப்பு அதிகம் தருவது இந்தக் கூட்டம்தான். இவற்றில் தலைமையான எதிரி ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு, புழு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. பெண்புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் சுமார் ஒரு வாரத்தில் புல்நுனி ஏறக்கூடிய இளம்புழு தயார். கண்ணிமை வெளுத்து, தாடையின் கீழே நீர் கோத்து, கழிச்சல்கூட இல்லாமல் ஆடு சாயும். கழிச்சல் இல்லாததால் புழு என்று சந்தேகிக்காமலே விட்டுவிடுவதுண்டு. இந்தப் பேரினத்தின் பூர்விகம் ஆப்பிரிக்க மறிமான்கள் என்று உறவுமுறை ஆய்வுகள் காட்டுகின்றன. இன்று அது செம்மறி, வெள்ளாடு, மான் என்று மேய்ச்சலைப் பகிர்ந்துகொள்ளும் யாரையும் விடுவதில்லை. மாட்டில் இருப்பது இதே புழுவா, தனிச் சிற்றினமா என்று பல பத்தாண்டு வாதம் நடந்தது. மரபணுவில் மிகச் சில எழுத்துகள் சீராக வேறுபடுவதைக் கண்ட பிறகே இரண்டும் வேறு என்று பெரும்பாலோர் ஏற்றனர்.

எருமைக்கன்றைக் கொல்லும் டாக்சோகாரா விட்டுலோரம் பழைய பாடநூல்களில் வேறு பேரினப் பெயரோடு இருந்தது. நாய், பூனைகளின் உருளைப்புழுக்களோடு அதைச் சேர்த்தபோது ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டது. நாய்க்குட்டி தாயின் கருப்பையிலேயே புழுவைப் பெற்றுவிடுகிறது. எருமைக்கன்று சீம்பாலோடும் அடுத்த சில நாள் பாலோடும் பெறுகிறது. மூன்று வாரக் கன்றின் குடலில் முழு வளர்ச்சி அடைந்த புழு இருப்பது இதனால்தான். கன்று புல் மேயத் தொடங்கிய பிறகு பூச்சி மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் கன்றை இழப்பார். பிறந்த இரண்டாம் வாரத்திலேயே மருந்து வேண்டும்.

இலங்கைப் புனுகுப்பூனையின் கொக்கிப்புழு கதை இன்னும் கசப்பானது. லூஸ் விவரிப்பதற்கு ஓராண்டு முன்பு, 1910-இல், பிரேசிலில் இதையொத்த ஒரு புழுவுக்குப் பெயரிட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டி, சிலானிகம் என்ற பெயரையே நூல்களிலிருந்து எடுத்துவிட்டனர். 1951-இல் பியோக்கா இரண்டும் வேறுவேறு என்று நிறுவும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தக் குழப்பம் நீடித்தது. வேறுபாடு சின்னதல்ல. பிரேசில் புழு மனிதத் தோலில் ஊர்ந்து அரிப்பு உண்டாக்குவதோடு நின்றுவிடும். சிலானிகம் மனிதக் குடல்வரை போய் வளர்ந்து ரத்தம் குடிக்கும். தென்கிழக்கு ஆசியாவில் மனிதருக்கு வரும் கொக்கிப்புழுக்களில் இது இரண்டாம் இடத்தில் இருப்பது மரபணுச் சோதனை வந்த பிறகே வெளிப்பட்டது. மனிதருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டு தெருநாய்களை விட்டுவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் உரக்க எழுந்தது. தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதி ஒன்றிலும் மனித மலம், நாய் மலம், மண் மூன்றையும் ஒருங்கே எடுத்துக் கொக்கிப்புழுக்களை மரபணு வழியே இனங்காணும் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அது போகவேண்டிய திசை.

நரம்புச் சிலந்தியின் பாடமும் இதுவே. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஏழு மாநிலங்களில் மனிதர்களை வாட்டிய இந்தப் புழுவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதாகச் சான்றளித்தது. மனிதரைத் தவிர வேறு ஓம்புயிரி பொருட்டல்ல என்ற நம்பிக்கையில்தான் உலகளாவிய ஒழிப்புத் திட்டம் நடந்தது. 2012 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களின் காலில் அதே புழு வெளிவரத் தொடங்கியது. பின்னாளில் மனித நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருக்க, நாய்கள் ஒரே ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டின. மரபணு பார்த்தார்கள், மனிதருக்கு வருவதும் நாய்க்கு வருவதும் ஒரே சிற்றினம்தான்.

தவறான உடலுக்குள் போன புழு என்ன செய்யும் என்பதற்குச் சீட்டேரியா டிஜிட்டேட்டா ஒரு சான்று. மாட்டின் வயிற்றுக்குழியில் வெள்ளை நூல் போலக் கிடக்கும் இது மாட்டுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. கொசு அதன் இளம்புழுவை ஆட்டுக்கோ குதிரைக்கோ கொண்டுபோனால், அது வழிதவறித் தண்டுவடத்தில் அலைந்து பின்னங்கால்களை முடக்கிவிடும். வட அமெரிக்காவில் வெண்வால் மானின் மூளைச்சவ்வில் அமைதியாக இருக்கும் புழு ஒன்று, அதே காட்டில் வாழும் மூஸ் மானைத் தள்ளாட வைத்துக் கொல்கிறது. மேய்ச்சல் மாடுகளும் காட்டெருமையும் புள்ளிமானும் ஒரே நீர்நிலையை நாடும் நம் வன எல்லைகளில் இப்படி என்னென்ன நடக்கின்றன என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

உருளைப்புழுக்களை முழுதாக மறுவரிசைப்படுத்தியது 1998-இல் மார்க் பிளாக்ஸ்டர் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. விலங்குகளின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் வழக்கம் இந்தத் தொகுதியில் குறைந்தது நான்கு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று அது காட்டியது. ஹீமாங்கஸும் கொக்கிப்புழுவும், மண்ணில் சுதந்திரமாகத் திரியும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் நெருங்கிய உறவு. கன்றின் டாக்சோகாராவும் யானைக்கால் புழுவும் நரம்புச் சிலந்தியும் வேறொரு கிளை. சாட்டைப்புழு, பன்றித் தசையின் டிரைகினெல்லா இரண்டும் இன்னொரு கிளை. ஒரே உருளை வடிவம். வந்த வழிகள் வேறு. ஆய்வகத்தில் எளிதாக வளரும் எலிகன்ஸில் ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ஆட்டுப் புழுவில் அது எப்படித் தோற்கிறது என்றும் அறியலாம் என்ற துணிவு இந்த உறவுமுறையிலிருந்து வந்தது.

மருந்து பற்றிப் பேசும்போது வகைப்பாடு முழுக்க முழுக்க நடைமுறை விஷயமாகிறது. ஐவர்மெக்டின் உருளைப்புழுவைக் கொல்லும். ஈரல் புழுவையோ நாடாப்புழுவையோ தொடாது. லெவாமிசோலும் அப்படியே. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கும் ரத்தக்குழாய்ப் புழுவுக்கும் உயர்ந்த மருந்து. ஆனால் அதே தட்டைப்புழுக் கூட்டத்தைச் சேர்ந்த ஈரல் புழுவிடம் தோற்றுவிடும். அல்பெண்டசோல் வளர்ந்த ஈரல் புழுவைக் கூடுதல் அளவில் கொல்லும், இளையதை விட்டுவிடும். இளையதற்கு டிரைகிளபெண்டசோல் வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் ‘பூச்சி மருந்து’ என்ற ஒரே பெயர். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கேட்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. 1961-இல் தயாபெண்டசோல் என்ற புழு மருந்து சந்தைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1964-இல், அமெரிக்காவில் ஹீமாங்கஸ் அதை எதிர்த்து நிற்பது பதிவாகிவிட்டது. அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் அதே குடும்பம். தமிழ்நாட்டு ஆட்டுப்பண்ணைகளிலும் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. ஐவர்மெக்டினைத் தந்ததற்காக 2015-இல் கேம்பெல், ஓமுரா இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, உலகின் பல பகுதிகளில் ஆட்டுப் புழுக்கள் அந்த மருந்தையும் தாங்கப் பழகியிருந்தன.

சாணச் சோதனையிலும் இதே கவனம் வேண்டும். செறிந்த உப்புக் கரைசலில் உருளைப்புழு முட்டை மிதக்கும். ஈரல் புழுவின் கனத்த முட்டை மூழ்கிவிடும். மிதவைச் சோதனை மட்டும் செய்து ‘புழு இல்லை’ என்று எழுதினால் ஈரல் புழு தப்பிவிடும். அதற்குப் படிவுச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். மிதக்கும் முட்டைகளிலும் ஹீமாங்கஸ் எது, அதன் உறவுகள் எவை என்று முட்டையை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். ஒரு வாரம் வளர்த்து இளம்புழுவைப் பார்க்க வேண்டும், அல்லது மரபணுச் சோதனை வேண்டும். இவை எல்லா ஊரிலும் இல்லாத நிலையில், தென்னாப்பிரிக்காவில் உருவான கண்ணிமை அட்டை ஓர் எளிய துணை. ஆட்டின் கீழிமையைத் திருப்பி ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. மருந்து படாத ஆடுகளில் வாழும் புழுக்கள் மருந்துக்கு இன்னும் மசியும் சந்ததியைப் புல்லில் விட்டுவைக்கின்றன. எதிர்ப்புத்திறன் பரவுவதைத் தாமதப்படுத்த இதுவரை கிடைத்திருக்கும் நல்ல வழி அதுவே.

காட்டில் நம் அறிவு இன்னும் மெல்லியது. முதுமலையில் மிலிந்த் வாட்வேயும் ராமன் சுகுமாரும் பாலூட்டிகளின் சாணத்தைச் சேகரித்து, புழுச் சுமைக்கும் விலங்கின் வாழ்முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டனர். நீண்ட தந்தமுள்ள ஆண் யானைகளில் புழுச் சுமை குறைவாக இருந்ததை 1997-இல் தெரிவித்தனர். விலங்கை மயக்காமல், தொடாமல் செய்த அருமையான வேலை அது. ஆனால் சாணத்தில் தெரியும் முட்டை, பெரும்பாலும் பேரினம்வரைகூட நம்மைக் கொண்டுபோகாது. முதுகெலும்புள்ள விலங்குகளில் 75,000 முதல் 3,00,000 வரை ஒட்டுண்ணிப் புழுச் சிற்றினங்கள் இருக்கலாம் என்று 2008-இல் ஒரு மதிப்பீடு வந்தது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு. அந்த இடைவெளியே நம் நிலையைச் சொல்லிவிடுகிறது. இந்தியக் கால்நடைகளின் புழுக்களைத் தொகுத்து ஜி. டி. பாலேராவ் 1935-இல் எழுதிய நூலும், பேலிஸும் சவுத்வெல்லும் பிரித்தானிய இந்தியாவின் விலங்குத் தொகை வரிசையில் எழுதியவையும் இன்னும் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நூல்களாகவே இருக்கின்றன. அவற்றைத் திருத்தி எழுதும் அளவுக்குப் புழுவை உருவத்தாலும் மரபணுவாலும் ஒருசேர அறியும் ஆட்கள் நம் கல்லூரிகளில் போதவில்லை.

காட்டு விலங்கின் குடலில் புழு இருப்பதே நோய் என்று கொள்வது தவறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யானையின் குடலில் வாழும் பல உருளைப்புழுக்கள் யானையைத் தவிர வேறெங்கும் வாழாதவை. யானையோடு சேர்ந்தே நெடுங்காலம் வந்த உயிர்கள் அவை. காட்டு விலங்குகளுக்கு உப்புக்கட்டியில் மருந்து கலந்து வைக்கலாம் என்று அவ்வப்போது எழும் யோசனையை நான் ஏற்கவில்லை. எந்தப் புழு என்று தெரியாமல், அளவும் தெரியாமல் மருந்தைக் காட்டில் விடுவது, ஆட்டுக்கிடையில் செய்த பிழையைக் காட்டுக்கும் கொண்டுபோவதாகும். மேய்ச்சல் மாட்டின் புழுவைக் காட்டின் எல்லையிலேயே கட்டுப்படுத்துவதுதான் செய்யத்தக்கது.

காட்டில் யானையோ காட்டெருமையோ புலியோ இறந்தால் பிணப்பரிசோதனை நடக்கிறது. குடலையும் ஈரலையும் நுரையீரலையும் மருத்துவர் திறந்து பார்க்கிறார். அப்போது கண்ணில் படும் புழுக்களைக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு, விலங்கு, உறுப்பு, இடம், நாள் குறித்த சீட்டோடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறைக்கு அனுப்புவதை வனத்துறை கட்டாயமாக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு குப்பியும் கொஞ்சம் ஆல்கஹாலும்தான். ஆடுமாடு வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த முறை பூச்சி மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது, அன்று காலை போட்ட சாணத்தையோ புழுக்கையையோ ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். என்ன புழு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்தை வாங்குங்கள்.